ஏழு அங்குல உயரம்

வாத்து வேட்டை சீசன் தொடங்கிய நவம்பர் சனிக்கிழமை, பொழுது விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நான்கு கூட்டம் வாத்துகள் உலீஸின் படகைப் பார்த்து இறங்கி வந்தன. நான்கும் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டன. திரும்புவதிலும் ஒரு மரியாதை வேண்டாமா? மிதக்கும் பொம்மை வாத்துகளைக் கண்டு இறக்கையை வளைத்து, காலை நீட்டி, இதோ உட்கார்ந்துவிட்டோம் என்கிற அளவுக்கு ஆசை காட்டிவிட்டு, நாற்பது கஜத்தில் எதையோ பார்த்துப் பதறிச் செங்குத்தாக மேலே ஏறின. உலீஸ் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். முகத்தில் கரி பூசியிருந்தது. கைக்கடிகாரம் சட்டைக் கைக்குள் இருந்தது. காப்பிக் குடுவையைக்கூடச் சாக்கில் சுற்றித்தான் வைத்திருந்தார். வாத்துகள் எதைப் பார்த்தன என்று அவருக்குப் புரியவே இல்லை.

படகில் அவரைத் தவிர யாரும் இல்லை. அதுவே புதுசு. முப்பத்தொரு சீசனாக அவரும் அவர் மனைவி வெர்லியின் அண்ணன் நூமாவும் ஒன்றாகத்தான் வாத்துக்குப் போவார்கள். உலீஸ் பின்பக்கம் மோட்டாருக்குப் பக்கத்தில், நூமா முன்பக்கம். நூமா இருநூற்றுத் தொண்ணூறு பவுண்டு ஆள். அவர் ஏறினால் படகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் நகரும். இந்த வருஷம் நூமா வரவில்லை. முதலில் கூரையில் ஒழுகுகிறது என்றார். பிறகு முட்டி வலி என்றார். மூன்றாவது தடவை உலீஸ் போன் செய்தபோது, "நீ போய்ட்டு வா மச்சான், நல்லா சுடு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கோபமோ என்று உலீஸுக்கு ஒரு சந்தேகம் உண்டு. போன ஜனவரி, சீசனின் கடைசி நாள். ஒரு ஊசிவால் வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடிப்போனது. அந்த எரிச்சலோடு கரைக்கு வந்தவர், படகுத் துறையில் பத்துப் பேர் நின்று பியர் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வாயைத் திறந்தார். "வாத்து ஏன் இறங்கலைன்னு என்னைக் கேக்காதீங்க. இவன் வயித்தக் கேளுங்க. மேலேருந்து பாத்தா தீவு மாதிரி தெரியுது. இவன் இல்லாம போனா நான் தினம் ஆறு சுடுவேன்." எல்லோரும் சிரித்தார்கள். நூமாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த மனுஷனுக்கு என்ன கோபம் இருக்க முடியும்? உலீஸ் அந்த யோசனையை அத்தோடு விட்டுவிட்டார். விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

ஆனால் இப்போது தனியாகப் போய்த் தினம் ஆறு சுட்டாக வேண்டியிருந்தது. ஊர் முன்னால் சொன்ன வார்த்தை அல்லவா? முதல் வாரம் முழுக்கப் போய் மொத்தம் சுட்டது இரண்டு. அதில் ஒன்று வழி தவறி வந்த சின்னக் கிளுவை வாத்து, பாவம், அதற்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

உயரம்தான் பிரச்சனை என்று உலீஸ் முடிவுக்கு வந்தார். இத்தனை நாள் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பதினைந்து அங்குலம். அதில் உட்கார்ந்தால் தோள் வரைக்கும் நாணலுக்கு மேலே தெரிகிறது, அதனால்தான் பறவை மிரளுகிறது. போன வருஷம் வரை இதே வாளியில் உட்கார்ந்துதானே சுட்டோம், அப்போது மிரளாதது இப்போது ஏன் மிரளுகிறது என்று அவர் தன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டார், பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காத ஆண்பிள்ளை அடுத்து ரம்பத்தைத்தான் எடுப்பான்.

தோட்டத்து நாற்காலி ஒன்றின் அலுமினியக் காலை அறுத்துப் பத்து அங்குலமாக்கினார். வெர்லி அதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். "அது என் அம்மா குடுத்த நாற்காலி," என்றாள். "இப்பவும் அதே நாற்காலிதான்," என்றார் உலீஸ். பத்து அங்குலத்தில் உட்கார்ந்தார். வாத்துகள் வந்தன, பார்த்தன, போயின. நாற்காலியின் கால் படகுத் தரையில் கிரீச்சிட்டதாலோ என்று அடியில் பழைய டயர்த் துண்டு ஒட்டினார். அப்போதும் போயின. தொப்பியை மாற்றினார். பொம்மை வாத்துகளை அரைவட்டமாக விரித்தார், பிறகு கொக்கி போல வளைத்து வைத்தார். ஒருநாள் காற்றைக் குறை சொன்னார், மறுநாள் காற்றில்லாததைக் குறை சொன்னார்.

இதற்கு நடுவில் இன்னொரு குழப்பம். நவம்பர் கடைசியில், நன்றித் திருநாள் விருந்துக்கு நூமா வந்தார். தொளதொளவென்று பழைய ஓவரால் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கிடைத்த ஒன்றிரண்டு வாத்தைப் போட்டு வெர்லி கம்போ குழம்பு வைத்திருந்தாள், மிளகு தூக்கலாக, அவள் அண்ணனுக்குப் பிடித்த மாதிரி. நூமா குழம்பைத் தொடவில்லை, சோற்றைத் தொடவில்லை. அவித்த கீரையைக் கொஞ்சம் எடுத்துத் தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"நாலு கரண்டி சோறு வெச்சுக்கோ," என்றாள் வெர்லி.

"வயிறு நெறஞ்சிருக்கு, ஷேர்," என்றார் நூமா. தங்கச்சியைக் கண்ணு என்பது போல அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"எதால நெறஞ்சிருக்கு? வந்ததுலேருந்து தண்ணி மட்டும்தான் குடிச்சிருக்க."

நூமா சிரித்தார். ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார். வாசல் கதவு சாத்தியதும் வெர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் கழுத்தைப் பாத்தியா? வத்திப் போச்சு. எங்க அப்பாவுக்குக் கடைசியில இப்படித்தான் ஆச்சு. என்னவோ வியாதி, நம்மகிட்ட மறைக்கறான்." உலீஸுக்கு அது வியாதியாகப் படவில்லை. என் வீட்டுச் சோறு வேண்டாம் என்கிற அளவுக்குக் கோபம் என்று பட்டது. ஆனால் கோபக்காரன் வந்து உட்கார்ந்து சிரிப்பானா? வியாதிக்காரன் படியை இரண்டிரண்டாக இறங்குவானா? நூமா அப்படித்தான் இறங்கிப் போனார். உலீஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டிசம்பர் முதல் வாரம் சீசனுக்கு இரண்டு வார இடைவேளை விட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் துப்பாக்கி தொடக் கூடாது, ரம்பம் தொடலாம். உலீஸ் மூன்றாவது இருக்கையில் இறங்கினார். இந்தத் தடவை ஒழுங்காக. ஒட்டுப்பலகையில் அகலமான பெட்டி, கால் இல்லை, தரையோடு தரையாக. மேலே மெத்தைக்கு, மாதா கோயிலைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட முழங்காலிடும் பலகைகளின் திண்டு இரண்டு. நாற்பது வருஷம் ஊர் ஜனங்கள் முட்டி போட்டும் அமுங்காத திண்டு. முதுகுக்குச் சாய்வாக ஒரு பலகை, அதைத் தேவையில்லாதபோது மடக்கிவிடலாம். எல்லாம் சேர்த்து ஏழு அங்குலம். உட்கார்ந்தால் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம், தலை மட்டும்தான் விளிம்புக்கு மேலே வரும்.

"அறுபது வயசுல பாவமன்னிப்பு மெத்தை மேல பின்புறத்த வெச்சு உக்காரப் போற," என்றாள் வெர்லி.

"முன்புறத்த வெச்சப்ப ஒண்ணும் கெடைக்கல," என்றார் உலீஸ்.

ஒரே உயரத்தில் இரண்டு பெட்டி செய்திருந்தார். ஒன்று பின்பக்கத்துக்கு, ஒன்று முன்பக்கத்துக்கு. முன்பக்கத்துப் பெட்டியை ஒன்றரை மடங்கு அகலமாக அறுத்து, அடியில் குறுக்குச் சட்டம் நான்கு கொடுத்திருந்தார்.

வெயில் நன்றாக அடித்த ஒரு மதியம், வீட்டுக்கு முன்னால் மெல்ல ஓடும் சதுப்பு ஓடையான பயூவில் படகை இறக்கி இருக்கையைச் சோதித்தார். வெர்லி மரத்துறையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சீசன் நாளில் அவர் இருட்டில் போவார், அதனால் இந்தப் படகு அவரோடு மட்டும் மிதப்பதைப் பகல் வெளிச்சத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. உலீஸ் இருபது கஜம் தள்ளிப் போய் நாணல் ஓரமாகப் படகை நிறுத்தி, பெட்டியில் சாய்ந்து, காலை நீட்டினார். சுகமாகத்தான் இருந்தது.

"தலை தெரியுதா?" என்று கத்தினார்.

"தலை தெரியல."

"தோள்?"

"தோளும் தெரியல. படகு ஏன் மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது?"

"மூக்க விடு. நான் தெரியறேனா இல்லையா?"

"நீ எங்க தெரியற? கீழ பளபளன்னு ஒண்ணு கண்ணக் கூசுது, அதத் தாண்டி உன்னை யார் பாக்கப் போறா?"

உலீஸ் எட்டிப் பார்த்தார். எட்டினால் படகு சாய்ந்தது, அவருக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளே இருப்பவனுக்குப் படகின் வெளிப்பக்கம் தெரியாது. முனகிக்கொண்டே கரைக்கு வந்து, படகைக் கயிற்றில் கட்டி, சாய்வுப் பலகையை நிமிர்த்தி, பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, தன் எடைக்குச் சமமாக நான்கு மூட்டை சிப்பி ஓடுகளைப் பின்பக்கம் ஏற்றிவிட்டு, வெர்லி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

படகின் முன்பாதி தூக்கிக்கொண்டு நின்றது. பச்சையும் பழுப்புமாக அடித்த பெயிண்டுக்குக் கீழே, ஒரு சாண் அகலத்துக்கு, வெறும் அலுமினியம் வெயிலில் தகதகத்தது. குனியும்போது சட்டை மேலேறி முதுகு தெரிகிற மாதிரி. பெயிண்ட் முடிகிற இடத்தில் அங்கங்கே மங்கலாக ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டை இருவருக்கும் தெரியும். ஆறு வருஷம் முன்னால் படகு வாங்கிய புதிதில், எதுவரைக்கும் பெயிண்ட் அடிப்பது என்று கேள்வி வந்தது. தண்ணிக்குக் கீழே அடிக்கிற பெயிண்டைச் சிப்பி சுரண்டிவிடும், காசுக்குக் கேடு என்று சொன்னவர் உலீஸ்தான். அதனால் அவரும் நூமாவும் துப்பாக்கி, பொம்மை எல்லாவற்றோடும் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். வெர்லி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தண்ணீர் தொடுகிற இடத்தில் சுற்றிலும் கோடு போட்டாள். பென்சில் ஈரத்தில் பிடிக்கவில்லை என்று தன் உதட்டுச்சாயத்தை எடுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கு வைத்திருந்த நல்ல சாயம், முழுதும் தீர்ந்துபோனது.

"அது நீயும் நூமாவும் உக்காந்தப்ப போட்ட கோடு," என்றாள் வெர்லி.

உலீஸ் தொப்பியைக் கழற்றினார். ஒரு மாதமாக அறுத்த நாற்காலி, ஒட்டிய டயர், மாற்றிய தொப்பி எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. உயரத்துக்கும் வாத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நூமா முன்னால் உட்கார்ந்திருந்தவரை அந்தப் பளபளப்பு தண்ணீருக்குள் இருந்தது. எந்த எடையைத் தீவு என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தாரோ, அந்த எடைதான் முப்பத்தொரு சீசனில் கடைசி ஆறு சீசன் இந்தப் படகை வாத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது.

"சரி, கண்டுபிடிச்சாச்சு," என்றாள் வெர்லி, இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே. "இன்னும் ஒரு சாண் பெயிண்ட் அடி. வேலை முடிஞ்சது."

அதுவும் சரிதான். கொட்டகையில் அரை டப்பா பச்சை பெயிண்ட் இருந்தது. உலீஸ் போய் எடுத்தார். மூடி இறுகியிருந்தது. போன வருஷம் நூமா அதைத் தரையில் வைத்துக் குதிகாலால் மிதித்து மூடியிருந்தார், செருப்பின் தடம் இன்னும் தகரத்தில் பள்ளமாக இருந்தது. உலீஸ் திருப்புளியை மூடியின் இடுக்கில் கொடுத்தார். நெம்பவில்லை. பெயிண்ட் அடித்தால் வாத்து வரும். மச்சான் வரமாட்டார். அதற்குப் பிறகு மச்சான் வருவதற்குக் காரணமே இருக்காது. டப்பாவை மறுபடி அலமாரியில், கண்ணில் படாதபடி வலைக்குப் பின்னால் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

நூமாவின் வீடு நான்கு மைல். சமையலறைக் கதவு திறந்திருந்தது. கோஸ் அவிகிற வாசனை. உள்ளே யாரும் இல்லை. "நூமா," என்று கூப்பிட்டார். "பதினாறு," என்று மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. உலீஸ் ஒன்றும் புரியாமல் நின்றார். மேஜை விளிம்புக்கு மேலே நூமாவின் தலை எழுந்தது, தோள் எழுந்தது, கையை எங்கும் ஊன்றாமல் முழு ஆளும் எழுந்து நின்றார். ஓவரால் தோளிலிருந்து மரத்தில் மாட்டிய மாதிரி தொங்கியது. "பதினேழு," என்றார் மூச்சு வாங்க. அப்போதுதான் வந்தவரைப் பார்த்தார்.

மேஜைக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டு நாற்காலி. நான்கு காலும் அறுக்கப்பட்டிருந்தது. உலீஸுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. ஏழு அங்குலம், சில நாளாக அதே உயரத்தோடுதான் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

"என்னடா இது?"

"நாற்காலி."

"அது தெரியுது."

நூமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அம்பது பவுண்டு குறைக்கணும்னு வெச்சிருந்தேன். நாப்பத்தி மூணு ஆச்சு. முட்டியும் பழகணும்ல, தணிவா உக்காந்து எழுந்திருக்க. ஜனவரிக்குள்ள வரலாம்னு பாத்தேன். சொன்னா நீ சிரிப்ப, அதான் சொல்லல."

"எதுக்குடா குறைக்கணும்?"

"வாத்து என்னைப் பாத்துத்தான் போகுதுன்னு நீதானே சொன்ன."

"நீ சிரிச்சியே."

"அத்தனை பேர் முன்னாடி வேற என்ன பண்ணுவேன், அழவா?"

உலீஸுக்கு முகம் சுட்டது. வெட்கம் என்றால் இதுதான் என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டார். பத்து மாதம் இந்த மனுஷன் தனியாக இந்தச் சமையலறையில் கோஸ் அவித்துத் தின்றுகொண்டு, உட்கார்ந்து எழுந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். தான் இருந்த இடத்திலேயே மறுபடி உட்காருவதற்கு. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நான்கு கூட்டம் திரும்பியது, வாளி, நாற்காலி, பெட்டி, அலுமினியம், சிவப்புக் கோடு. பாதியில் தடுமாறி மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

"இரு இரு," என்றார் நூமா. "அப்ப நான் இருந்தா வாத்து வரும். இல்லன்னா வராது."

"ஆமா."

"என் எடையால வருது."

"ஆமா."

"அத நான் நாப்பத்தி மூணு பவுண்டு கரைச்சுட்டேன்."

"ஆமா," என்றார் உலீஸ். "நான் சொன்னது பொய்டா. அன்னிக்கு எரிச்சல்ல சொன்னேன். நீ இல்லாம எனக்கு அங்க உக்காரவே பிடிக்கல. வாத்து வந்திருந்தாலும் பிடிச்சிருக்காது."

நூமா அடுப்பை அணைத்தார். கோஸைப் பார்த்தார், உலீஸைப் பார்த்தார். இதில் எதற்குக் கோபப்படுவது, எதற்குச் சிரிப்பது என்று அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "பாக்கலாம்," என்றார். உலீஸ் வீட்டுக்கு வந்து அந்தப் "பாக்கலாம்" என்ற சொல்லை மூன்று நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சீசன் மறுபடி திறப்பதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், நூமாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. இறங்கி, நேராகப் பயூ பக்கம் நடந்தார். முன்பக்கத்தில் அகலமாக ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்தார். திண்டை அமுக்கிப் பார்த்தார். "கோயில் திண்டா?" என்றார். "ஆமா," என்றார் உலீஸ். நூமா ஏறி, ஊன்றாமல் உட்கார்ந்து, காலை நீட்டினார். படகு பெருமூச்சு விட்டது, பழைய அளவுக்கு இல்லை. உலீஸ் பின்னால் ஏறினார்.

"வெர்லி, எப்படி?" என்று கேட்டார்.

மரத்துறையில் இருந்தவள் குனிந்து பார்த்தாள். "இன்னும் ரெண்டு விரல் தெரியுது."

நூமா விளிம்பில் கையை வைத்து எட்டிப் பார்க்கப் பார்த்தார், விட்டுவிட்டார். "ரெண்டு விரல்தானே. பெயிண்ட் இருந்தா இப்பவே அடிச்சிடலாம். காலைக்குள்ள காஞ்சிடும்."

"பெயிண்ட் இல்ல," என்றார் உலீஸ்.

"இல்லையா?"

"தீந்துபோச்சு."

வெர்லி தலையைத் தூக்கவில்லை. நூமா திரும்பி உட்கார்ந்து மச்சானின் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"கொட்டகையில பச்சை அரை டப்பா இருந்ததே. மூடிய மிதிச்சு மூடினவன் நான்தான்."

உலீஸ் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். நூமா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, இல்லன்னா இல்ல," என்றார். கரையோரம் கையை விட்டு ஒரு பிடி கறுப்புச் சேற்றை அள்ளி, வெளிப்பக்கம் கை எட்டின மட்டும், அந்த இரண்டு விரல் இடத்தில் அப்பினார். இன்னொரு பிடி அள்ளினார். "தினமும் பூசணும். தண்ணி பட்டா கரைஞ்சிடும்."

"பூசிக்கலாம்."

"காலைல எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு," என்றார் உலீஸ். "ஒண்ணும் தின்னாம வந்து நிக்காத."